‘பியூஸைப் பிடுங்கிடுவாங்களா அம்மா?’ – கரண்ட் பில் கேள்வி பதில்

போன இதழில் மின் கட்டணப் பாக்கி பற்றிக் கேள்விகளை அனுப்பலாம் என்று ஆசிரியர் ஒரு வரி போட்டாலும் போட்டார், கடிதங்கள் குவிந்துவிட்டன. மின்வாரியத்தில் வருவாய் மேற்பார்வையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் பணத்தை வாங்கி ரசீது கொடுக்கும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் பாதி ஆயுள் போனது. பலருக்கும் உதவக்கூடிய சில கடிதங்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள், தனியாக இருக்கிறேன். இரண்டு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், காலையில் கொஞ்ச நேரம் மோட்டார், அவ்வளவுதான். எப்போதும் எண்ணூறு, தொள்ளாயிரம் வரும். இந்த முறை 22 ஆயிரத்துச் சொச்சம் கட்டச் சொல்லி மெசேஜ் வந்திருக்கிறது. அலுவலகத்தில் கேட்டால், “முதல்ல கட்டுங்கம்மா, அப்புறம் பார்க்கலாம். இல்லேன்னா லைன் கட் ஆயிடும்” என்கிறார்கள். என் பென்ஷனையே மொத்தமாகக் கொடுத்தாலும் பத்தாது. கார்டையும் மீட்டரையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். – விருதுநகர் மாவட்டம்

பதில்: போட்டோ அனுப்பினீர்களே, அதிலேயே பாதி வேலை முடிந்தது. உங்கள் வெள்ளை அட்டையில் போன முறை ரீடிங் 6230. இந்த முறை 8564 என்று எழுதியிருக்கிறது. அதாவது 2334 யூனிட். ஆனால் கணக்கெடுத்து ஒரு வாரம் கழித்து நீங்கள் எடுத்த மீட்டர் போட்டோவில் இருப்பது 6612. மீட்டர் பின்னால் ஓடாது. அன்றைக்கு 6564 ஆக இருந்திருக்கும். மங்கிப்போன டிஸ்பிளேயில் 6, 8 மாதிரித் தெரிந்திருக்கிறது. உண்மையான செலவு 334 யூனிட். உங்கள் வழக்கமான கணக்கோடு இது ஒத்துப்போகிறது.

இவ்வளவு தெளிவான தவறாக இருந்தாலும் கவுன்டரில் நின்று வாயால் சொன்னால் நடக்காது. கவுன்டரில் இருப்பவருக்குக் கணக்கைத் திருத்தும் அதிகாரம் கிடையாது, திரையில் இருக்கும் தொகையை வாங்கத்தான் முடியும். அதனால்தான் “முதல்ல கட்டுங்க” என்கிறார். அவர் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரை, அதுவும் கையில் மனுவோடு. மனு நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதுங்கள்:

“எனது மின் இணைப்பு எண் இன்னது. இன்ன தேதியில் எடுத்த கணக்கில் ரீடிங் 8564 எனப் பதிவாகியுள்ளது. அதற்குப் பிறகு எடுத்த படத்தில் மீட்டரில் 6612தான் உள்ளது. படம் இணைத்துள்ளேன். மீட்டரை நேரில் பார்த்துக் கணக்கைத் திருத்தித் தர வேண்டுகிறேன். அதுவரை மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56(1)இன்படி, முந்தைய ஆறு மாதச் சராசரியான ரூ. 850ஐ ஆட்சேபணையுடன் செலுத்தத் தயாராக உள்ளேன். தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்க வேண்டாம்.”

அந்த 850 எங்கிருந்து வந்தது? உங்கள் அட்டையில் முந்தைய மூன்று கணக்குகள் 780, 910, 860. கூட்டினால் 2550, அதில் மூன்றில் ஒரு பங்கு 850. பில் தொகை தவறு என்று தகராறு இருக்கும்போது, கேட்ட முழுத் தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரியில் போட்ட தொகை, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபணையுடன் கட்டிவிட்டால் மின்சாரத்தை வெட்டக் கூடாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. இப்படி ஒரு வழி இருப்பதைக் கவுன்டரில் யாரும் சொல்லமாட்டார்கள். கேட்டுக்கொண்டு வருபவர்களும் அபூர்வம்.

மனுவை இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் தேதியோடு அலுவலக முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். “சார் வரட்டும், வச்சிட்டுப் போங்க” என்றால் வைத்துவிட்டு வராதீர்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். ஆன்லைனில் தொகையைக் குறைத்துக் கட்ட முடியாது. அலுவலகம் திருத்திக் கொடுத்த பிறகுதான் அங்கே மாறும்.

நாள் முக்கியம். நம் ஊரில் வீட்டு இணைப்புக்குக் கணக்கெடுத்த நாளிலிருந்து இருபது நாள் அவகாசம். துண்டிக்கும் முன் எழுத்தில் முழுசாகப் பதினைந்து நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் அட்டையில் எழுதும் கணக்கே நோட்டீஸ் என்று எடுத்துக்கொள்வதுதான் இங்கே நடைமுறை. தனியாக ஒரு சிவப்புக் காகிதம் வீடு தேடி வரும் என்று காத்திருக்காதீர்கள். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது, இந்த வாரமே போய்விடுங்கள்.

உதவிப் பொறியாளரிடம் நடக்கவில்லை என்றால் செயற்பொறியாளர். அங்கும் இல்லையென்றால் மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. வக்கீல் வேண்டாம், நீங்களே பேசலாம். அதற்கும் மேலே சென்னையில் மின்சாரக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். உங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகாது. ஆள் வந்து மீட்டரைப் பார்த்த அன்றே தீர்ந்துவிடும்.

அப்புறம் ஒன்று. மெசேஜில் தொகை வந்துவிடுகிறது என்று பலர் அட்டையைப் பரணில் போட்டுவிட்டார்கள். அட்டையை மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள். கணக்கெடுக்க வருபவர் அவசரத்தில் நகர்ந்தாலும், “கார்டுல எழுதிட்டுப் போங்க தம்பி” என்று கேளுங்கள். உங்கள் அட்டையில் எழுதியிருந்ததால்தான் நான் இங்கிருந்தே தவறைப் பிடிக்க முடிந்தது.

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன். ஒரு விபத்தில் கால் முறிந்து மூன்று மாதமாக வண்டி எடுக்கவில்லை. பில் 2,400 ரூபாய் கட்ட முடியாமல் விட்டதில் பியூஸ் கேரியரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பையன் பத்தாம் வகுப்பு. “கம்பியை வளைச்சு மாட்டிக்கலாம், நான் செஞ்சு தர்றேன்” என்கிறார் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர். இப்போதைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து ஒரு லைட் எரிகிறது. என்ன செய்வது? – வட சென்னை

பதில்: தம்பி, முதல் காரியமாக அந்த எலக்ட்ரீஷியனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். துண்டித்த இணைப்பை அனுமதியில்லாமல் நீங்களாக மாட்டிக்கொண்டால் அது மின்சாரச் சட்டத்தின் பிரிவு 138. மூன்று வருஷம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்போது நீங்கள் வைத்திருப்பது வெறும் கடன். அந்தக் கம்பியை மாட்டினால் அது குற்றமாகிவிடும். அதோடு, கேரியர் இல்லாத இடத்தில் வெறும் கம்பியை வளைத்து மாட்டினால் ஓவர்லோடு ஆனாலும் அது அறுந்து காப்பாற்றாது. ஒயர் பற்றிக்கொள்ளும்.

பக்கத்து வீட்டு ஒயரையும் இன்றே எடுத்துவிடுங்கள். உதவி செய்த மனுஷருக்கு வினை வரும். அனுமதி இல்லாத வேறொரு இடத்துக்கு மின்சாரம் கொடுப்பது பிரிவு 126இல் வருகிறது. கண்டுபிடித்தால் இரண்டு மடங்குக் கட்டணம். எந்தத் தேதியிலிருந்து என்று தெரியாவிட்டால் ஒரு வருஷம் பின்னோக்கிக் கணக்குப் போடலாம். பையன் படிக்க வேண்டும் என்பது புரிகிறது. ஒரு சார்ஜ் லைட்டைக் கடையிலோ யார் வீட்டிலோ சார்ஜ் போட்டுக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள், அதை யாரும் கேட்க முடியாது.

இனி 2,400. கட்ட வேண்டியது அது மட்டுமல்ல, தாமதக் கட்டணமும் மறு இணைப்புக் கட்டணமும் சேரும். முதலில் போய் இன்றைய தேதிக்கு மொத்தம் எவ்வளவு என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். பிறகு தவணை கேட்டு மனுக் கொடுங்கள். தவணையை உரிமையாகக் கேட்க முடியாது, ஆனால் காரணம் நியாயமாக இருந்து, பாதியாவது கையில் கொண்டுவந்தால் இணங்கிய அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டை நகல் எடுத்து இணையுங்கள். “மீதியை இன்ன தேதிக்குள் கட்டுகிறேன்” என்று தேதி போட்டு எழுதுங்கள். வெறுங்கையோடு போய்க் கஷ்டத்தை மட்டும் சொன்னால், அன்றைக்கு அதே மாதிரிக் கதையோடு வந்த பத்தாவது ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் ஜன்னலுக்கு அந்தப் பக்கத்தில் அப்படித்தான் இருக்கும்.

கூட்டுறவுச் சங்கமோ, ஆட்டோ சங்கமோ, வீட்டில் மகளிர் குழுவோ இருந்தால் அங்கே கேளுங்கள். மீட்டர் வட்டிக்கு வாங்கிக் கரண்ட் பில் கட்டாதீர்கள். வாரியம் போடும் தாமதக் கட்டணம் அந்த வட்டிக்குப் பக்கத்திலேயே வராது. இப்படியே ரொம்ப நாள் விட்டுவிடவும் கூடாது. ஒரு கட்டத்துக்கு மேல் மீட்டரையே கழற்றி இணைப்பை ரத்து செய்துவிடுவார்கள். பிறகு புது இணைப்புக்கு உண்டான எல்லாச் செலவும் தலையில் விழும், பழைய பாக்கியும் போகாது.

உங்கள் பில்லில் இன்னொன்றைக் கவனித்தேன். 500 யூனிட்டைக் கொஞ்சமாகத் தாண்டியிருக்கிறது. இந்த 500 ஒரு பள்ளம். 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியபோது இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய். 510 என்றால் 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! 500ஐத் தாண்டியதும் முதல் யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகையும் குறைந்துவிடுவதால் இப்படி. (முதல் நூறு யூனிட் மட்டும் அப்போதும் இலவசம்தான்.) அதற்குப் பிறகு கட்டணம் மேலும் கூடிவிட்டது. ஆகவே கணக்கெடுக்க வரும் நாள் தள்ளிப்போகிறதா என்று பாருங்கள். அறுபது நாளில் 480 ஓடும் வீட்டில் எட்டு நாள் தாமதமாக வந்தால் 544 ஆகிவிடும். அட்டையில் தேதிகள் இருக்கும். தாமதம் தெரிந்தால் நாளைக் குறிப்பிட்டுத் திருத்தித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: “முந்தைய மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்றிரவு 9.30க்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே மின் அதிகாரியைத் தொடர்புகொள்ளவும்” என்று அப்பாவுக்கு மெசேஜ். அவர் பயந்துபோய் அந்த நம்பருக்குப் பேசி, அவர்கள் சொன்ன ஆப்பை இறக்கி, “சும்மா பத்து ரூபாய் கட்டிப் பாருங்கள்” என்றதைக் கேட்டு, 38 ஆயிரம் போய்விட்டது. – தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அப்பாவைத் திட்டாதீர்கள். காலமெல்லாம் பாக்கி வைக்காமல் கட்டியவர்கள்தான் இந்த மெசேஜுக்குப் பயப்படுவார்கள். இதை அனுப்புகிறவர்களுக்கும் அது தெரியும்.

உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் போன் செய்து சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி எதை இறக்கினாரோ அதை நீக்குங்கள். அந்த ஆப் இருக்கும்வரை அவர் போன் திரை அவர்களுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். பத்து ரூபாய் கட்டச் சொன்னது பத்து ரூபாய்க்காக அல்ல, அவர் ரகசிய எண்ணை அடிப்பதைப் பார்க்க.

மற்ற வாசகர்களுக்காக: அந்த மெசேஜை ஒரு முறை நிதானமாகப் படித்தாலே பல்லிளித்துவிடும். “முந்தைய மாத பில்” என்கிறான். நம் வீடுகளுக்குக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. இணைப்பு எண்ணைச் சொல்லவில்லை. யாரோ ஒருவரின் பத்து இலக்க செல்போன் எண்ணிலிருந்து வந்திருக்கிறது. இரவு 9.30க்கு இணைப்பைத் துண்டிக்க எந்த ஒயர்மேன் கம்பத்தில் ஏறுவார்? பகலில் புகார் சொல்லிக் கூப்பிட்டாலே சாயங்காலம்தான் வருகிறார்கள்! சந்தேகம் வந்தால் வாரியத்தின் இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம், அல்லது வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, பேசலாம்.

கேள்வி: சின்ன ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். மாறாமல் கட்டி வருகிறேன். இப்போது திடீரென்று ‘ஆடிட் ஷார்ட்ஃபால்’ என்று 86 ஆயிரம் கேட்டு நோட்டீஸ். நான்கு வருஷத்துக்கு முன்பு தவறான கட்டண வகையில் கணக்குப் போட்டுவிட்டார்களாம். தவறு அவர்களுடையது. கட்டாவிட்டால் துண்டிப்போம் என்றும் இருக்கிறது. – கோவை மாவட்டம்

பதில்: தவறு யாருடையது என்பதால் மட்டும் தொகை இல்லை என்றாகிவிடாது. இதே மாதிரி அஜ்மீரில் ஒரு வழக்கு. 2009 முதல் 2011 வரை தவறான கட்டணக் குறியீட்டில் கணக்குப் போட்டதைத் தணிக்கையில் கண்டுபிடித்து, 2014இல் கூடுதல் பில் அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் சொன்னது இது: உண்மையான தவறு என்றால் பின்னால் கண்டுபிடித்துக் கேட்கலாம், சட்டப்படி வசூல் நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் இரண்டு வருஷம் தாண்டிய அந்தக் கூடுதல் தொகைக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆயுதத்தைப் பிரிவு 56(2) கொடுக்கவில்லை. உங்களுக்கு வேண்டியது இதுதான். ஆனால் 2021இல் வந்த இன்னொரு தீர்ப்பு, விட்டுப்போன கணக்குக்குப் பில் அனுப்பிய நாள்தான் அந்த இரண்டு வருஷத்துக்குத் தொடக்கம் என்று வாரியத்துக்குச் சாதகமாகப் போயிருக்கிறது. எதிர்த்தரப்பு அதைத் தூக்கிக்கொண்டு வரும் என்பதைத் தெரிந்துகொண்டே போங்கள்.

அதற்கு முன்னால், கணக்கு விவரத்தைக் கேளுங்கள். எந்த மாதத்துக்கு எத்தனை யூனிட், எந்த வகையில் போட்டார்கள், எந்த வகையில் போட்டிருக்க வேண்டும் என்று மாதவாரியாக. ஷார்ட்ஃபால் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு முறை சேர்த்த மாதம் ஒன்றாவது அகப்படும். எல்லா முறையும் அல்ல, ஆனால் பார்க்காமல் கட்டக் கூடாது. விவரம் கிடைத்ததும் ஆட்சேபணை எழுதி, அதோடு குறைதீர்க்கும் மன்றத்துக்கு மனுவும் போடுங்கள். நடப்பு பில்லை ஒரு நாளும் தவறவிடாதீர்கள். பழைய தகராறுக்கு வெட்ட முடியாதவர்கள் நடப்பு பாக்கிக்கு வெட்டலாம்.

கேள்வி: வாடகை வீடு. சப் மீட்டர் பார்த்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுகிறோம். அவர் அதை வாரியத்துக்குக் கட்டவில்லை. “இன்னும் ரெண்டு நாள்ல கட் பண்ணிடுவோம்” என்று லைன்மேன் சொல்லிவிட்டுப் போனார். கேட்டால், “பிடிக்கலேன்னா காலி பண்ணு” என்கிறார். – திருப்பூர்

பதில்: இரண்டு நாள்தான் என்றால் நியாயம் பேச நேரமில்லை. இணைப்பு எண் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் கட்டலாம், உரிமையாளர்தான் கட்ட வேண்டும் என்றில்லை. நீங்களே கட்டி ரசீதை வைத்துக்கொண்டு, அதை வாடகையில் கழிப்பதாக வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பிலாவது எழுதிவிடுங்கள். இனிமேல் பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள், வங்கி வழியாகக் கொடுங்கள்.

வேண்டுமென்றே கரண்ட்டையும் தண்ணீரையும் நிறுத்தி வாடகைக்கு இருப்பவரை வெளியேற்றுவதைத் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் தடுக்கிறது. அது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வாய்ப்பேச்சில் குடியிருந்தால் அங்கே உங்கள் பேச்சு எடுபடுவது சிரமம்.

கேள்வி: பழைய வீடு ஒன்றை வாங்கப் பேசி வருகிறோம். மின் இணைப்பு துண்டித்துக் கிடக்கிறது. பழையவர் வைத்த பாக்கியை நாங்கள் கட்ட வேண்டுமா? – சிவகங்கை மாவட்டம்

பதில்: கட்ட வேண்டி வரலாம். 2023 மே மாதம் கேரள மின்வாரிய வழக்கையும் அதோடு பல வழக்குகளையும் சேர்த்து விசாரித்த உச்ச நீதிமன்றம், விதிமுறையில் இடமிருந்தால் அந்த இடத்தின் பழைய பாக்கியைக் கட்டினால்தான் இணைப்பு தருவோம் என்று புதிய உரிமையாளரிடம் கேட்கலாம் என்றுவிட்டது. வில்லங்கச் சான்றில் இது வராது. இணைப்பு எண்ணை வாங்கிக்கொண்டு பிரிவு அலுவலகத்தில் பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். முன்பணம் கொடுத்தாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. இன்னும் கொடுக்கவில்லை என்றால், அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால், பத்திரப் பதிவன்று பாக்கியில்லா ரசீதைக் கொண்டுவந்தால்தான் மீதித் தொகை என்று இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.